ஆகாயத்தில் வரப்பு போடுவது யார்?

நிலத்துக்கு வரப்பு உண்டு. ஆற்றுக்குக் கரை உண்டு. மில்லுக்கு மதில் உண்டு. ஆகாயத்துக்கும் வரப்பு உண்டு என்றால் நம்மில் பலர் சிரிப்போம். ஆனால் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்த வரப்புகளைப் போடும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் கையில்தான் இன்று நம் பேச்சும், கூலிக் கணக்கும், ரேஷன் கடை இயந்திரமும், பிள்ளைகளின் படிப்பும் சிக்கிக்கொண்டிருக்கின்றன.

இதில் மிகை ஏதும் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தலங்களில் வருகைப் பதிவைக் கைபேசிச் செயலியில்தான் செய்ய வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. நாளுக்கு இரண்டு தடவை தொழிலாளர்களைக் கூட்டி நிறுத்திப் படம் பிடிக்க வேண்டும். அதை ஏற்றவும் வேண்டும். ஏரிக்கரையில் மண் சுமந்த பெண்ணின் முதுகு வலி சாட்சியாகாது. படம் போய்ச் சேர்ந்தால்தான் அவள் வேலை செய்ததாகக் கணக்கு. படம் போக வேண்டுமானால் அலை வேண்டும்.

அந்த அலைக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? 2024 ஜூலையில் மூன்று பெரிய தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றின. ஏற்றம் 11 சதவீதத்திலிருந்து 25 சதவீதம் வரை. அந்த ஆண்டில் எந்த மில்லில் கூலி 25 சதவீதம் ஏறியது? எந்த வயலில் ஏறியது?

ஆகவே, வயர்லெஸ் அலைகளை எப்படிப் பங்கு போடுகிறார்கள், ஒரு சானலுக்கும் அடுத்த சானலுக்கும் இடையில் ஏன் இடம் விடுகிறார்கள் என்பதெல்லாம் எஞ்சினீயர்களின் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. பஞ்சின் விலையும் நூலின் நம்பரும் முதலாளியின் விவகாரம் என்று நாம் ஒதுங்கியிருந்தால், கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையில் எந்தக் கணக்கை மேஜைமேல் வைத்திருப்போம்?

ஒன்பதின் கணக்கு

முதலில் நமக்குப் பழக்கமான ரேடியோவிலிருந்து தொடங்குவோம்.

மத்திய அலையில் சென்னை 720, திருச்சி 936, கோவை 999, திருநெல்வேலி 1197, மதுரை 1269. டீக்கடையிலும் களத்து மேட்டிலும் செய்தியும் நாடகமும் கேட்ட தலைமுறைக்கு இந்த எண்கள் மனப்பாடம். 720 கிலோஹெர்ட்ஸ் என்றால், ஒரு விநாடியில் 7 லட்சத்து 20 ஆயிரம் தடவை துடிக்கும் அலை என்று அர்த்தம்.

இந்த ஐந்து எண்களையும் ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதி வராது. ஐந்தில் ஒன்றுகூடத் தப்பாது. இது தற்செயலா? இல்லை. 1975-ல் ஜெனிவாவில் பல நாடுகள் கூடி, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, பசிபிக் நாடுகள் எல்லாவற்றுக்கும் மத்திய அலையில் நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்று தீர்மானித்தன. 1978 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. அமெரிக்கக் கண்டங்களில் அதே இடைவெளி 10.

இடைவெளி எதற்கு? ஒரு நிலையத்தின் குரல் ஒரே புள்ளியில் நிற்பதில்லை. பேச்சும் பாட்டும் ஏற ஏற, அந்த அலை இருபுறமும் கொஞ்சம் பரவுகிறது. நெல் நாற்றை நெருக்கி நட்டால் வேரோடு வேர் பின்னி இரண்டும் சவலையாகும் அல்லவா? அதுபோல இரண்டு நிலையங்களை ஒட்டி வைத்தால் இரண்டும் கேட்காது. அதற்காக முழத்துக்கு ஒரு நாற்று நட்டால் நிலம் வீணாகும். நெருக்கத்துக்கும் வீணுக்கும் நடுவில் ஓர் அளவைப் பிடிப்பதுதான் சானல் இடைவெளி என்னும் சாஸ்திரம்.

எஃப்.எம். ரேடியோவைப் பாருங்கள். சென்னையில் 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. கழித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் 0.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது 800 கிலோஹெர்ட்ஸ். ஒரே ஊருக்குள் இவ்வளவு இடைவெளி தேவையில்லை, 400 போதும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சிபாரிசு செய்திருக்கிறது. இடைவெளி பாதியானால் நிலையங்களுக்கான இடம் ஏறத்தாழ இரட்டிக்கும். இடம் இரட்டித்தால் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவரின் மவுசு குறையும். ஆக, பார்வைக்கு வெறும் கணக்காகத் தெரிகிற இடைவெளிக்குப் பின்னால் காசும் இருக்கிறது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வருவோம்.

பதின்மூன்று என்பார்கள், உள்ளது மூன்று

இன்று மில் குடியிருப்புகளிலும், லைன் வீடுகளிலும், கிராமத்து மளிகைக் கடைகளிலும்கூடச் சிறிய விளக்குகள் மினுக்கும் ஒரு பெட்டி சுவரில் தொங்குகிறது. வைஃபை பெட்டி. "லைன் இருக்கிறது, ஆனால் ஓடவில்லை" என்பது எங்கும் கேட்கும் முறையீடு. கம்பெனிக்காரனைக் கேட்டால் அதிக வேகத் திட்டத்துக்கு மாறுங்கள், இன்னும் இருநூறு ரூபாய் கட்டுங்கள் என்கிறான். பல சமயம் கோளாறு வேகத்தில் இல்லை, வரப்பில் இருக்கிறது.

இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் பேசுவது 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைப் பகுதியில். ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு பத்து லட்சம் துடிப்பு. நமக்குக் கிடைத்துள்ள வயலின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதற்குள் 13 சானல்கள் என்று எண் போட்டிருக்கிறார்கள். முதல் சானலின் நடுப்புள்ளி 2412. இரண்டாவது 2417. மூன்றாவது 2422. இப்படி ஐந்து ஐந்தாக ஏறிப் பதின்மூன்றாவது 2472-ல் முடிகிறது. ஜப்பானில் மட்டும் 2484-ல் பதினான்காவது என்று ஒன்றை வைத்தார்கள். அமெரிக்காவிலோ பதினொன்றோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இப்போது சூட்சுமத்தைக் கவனியுங்கள். சானலுக்குச் சானல் இடைவெளி 5. ஆனால் ஒரு பெட்டி பேசத் தொடங்கினால் அதன் அலை பிடிக்கும் அகலம் 20 முதல் 22. ஐந்தடிக்கு ஒரு வரப்பு போட்டுவிட்டு, இருபதடி அகலத்துக்கு ஏர் ஓட்டினால் என்ன ஆகும்? பக்கத்து நான்கு பாத்திகளும் சேர்ந்து உழப்படும். மூன்றாவது சானலில் ஓடும் பெட்டி முதல் சானலையும் மிதிக்கும், ஆறாவதையும் மிதிக்கும்.

ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்க வேண்டுமானால் 1, 6, 11 என்ற மூன்று சானல்கள்தான் தேறும். அவற்றின் நடுப்புள்ளிகள் 2412, 2437, 2462. நடுவில் 25 மெகாஹெர்ட்ஸ். ஏட்டில் பதின்மூன்று, நடைமுறையில் மூன்று. இந்த ஓர் உண்மை தெரியாததால் எத்தனை தெருக்களில் எத்தனை பெட்டிகள் வீணாகக் கத்திக்கொண்டிருக்கின்றன!

இன்னொரு விஷயம் மிகவும் முக்கியம். பக்கத்து வீட்டுக்காரர் ஆறில் இருக்கிறார், நாம் ஒதுங்கி எட்டுக்குப் போவோம் என்று சிலர் நினைக்கிறார்கள். இது தப்பு. அதைவிட அவருடைய ஆறிலேயே நாமும் இருப்பது மேல்.

ஏன்? இந்தப் பெட்டிகளுக்கு ஒரு நல்ல பழக்கம் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. வாயைத் திறக்குமுன் காது கொடுத்துக் கேட்கும். வேறொருவர் பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். அவர் முடித்ததும் பேசும். ஒரே சானலில் இருக்கும் இரண்டு பெட்டிகளும் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரிவதால் முறை வைத்துக்கொள்ளும். ஒரே மடையில் முறைப்பாசனம் செய்கிற இரண்டு குடியானவர்கள் மாதிரி. தண்ணீர் மெதுவாக வரும். ஆனால் இருவர் வயலுக்கும் வரும். பாதி ஏறி, பாதி இறங்கி நிற்கும் சானலில் இருந்தாலோ, ஒன்றின் பேச்சு மற்றதற்கு வெறும் இரைச்சலாகத்தான் விழும். தறி ஷெட்டுக்குள் நின்று ரகசியம் பேசுகிற கதைதான். இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் கத்தும். செய்தி சிதையும். மறுபடி அனுப்பும். மறுபடி சிதையும்.

ஆகவே நம் வாசகர்கள் உடனே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் கூடிப் பேசுங்கள். ஒரு வீடு ஒன்றில், அடுத்த வீடு ஆறில், அதற்கடுத்தது பதினொன்றில்; பிறகு மறுபடியும் ஒன்று. பெட்டியின் சானல் அகலத்தை 40 என்று வைத்திருந்தால் 20-க்கு இறக்கச் சொல்லுங்கள். 83.5 அகல வயலில் ஒருவர் 40-ஐ வளைத்துப் போட்டால் மற்றவர் எங்கே போவது? கேபிள் போட வரும் பையனுக்கு இதெல்லாம் ஐந்து நிமிஷ வேலை. இதற்குப் போலீஸ் வேண்டாம், தாசில்தார் வேண்டாம், கூடுதலாக இருநூறு ரூபாயும் வேண்டாம். கூடிப் பேசுவது ஒன்று போதும். கூடிப் பேசினால் என்ன கிடைக்கும் என்று தொழிற்சங்கத்தில் இருப்பவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

யாரும் வேண்டாத புறம்போக்கு

இந்த 2400-ஆம் பகுதி பொதுமக்களுக்கு எப்படிக் கிடைத்தது? யாராவது பெருந்தன்மையாகக் கொடுத்தார்களா? கதையைக் கேளுங்கள்.

1947-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச ரேடியோ மாநாட்டில், 2450 மெகாஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதி, தொழில், விஞ்ஞானம், வைத்தியம் ஆகியவற்றின் கருவிகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. செய்தி அனுப்புவதற்காக அல்ல; சூடேற்றவும் வேக வைக்கவும். இன்று பணக்கார வீட்டுச் சமையலறையில் இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது இந்த அலையில்தான். இரைச்சல் மிகுந்த இந்தப் பகுதியில் நல்ல செய்தித் தொடர்பு நடக்காது என்று பெரிய ஸ்தாபனங்கள் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லும் கருவேல முள்ளுமாகக் கிடந்த புறம்போக்கு மாதிரி கிடந்தது.

1985-ல் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் இந்தப் புறம்போக்கில் குறைந்த சக்தியில் யார் வேண்டுமானாலும், லைசென்ஸ் இல்லாமல், செய்தி அனுப்பலாம் என்று திறந்துவிட்டது. இரண்டே நிபந்தனைகள். நீ பிறருக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது. பிறரால் வரும் தொல்லையை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். 1997-ல் இதற்கான தொழில்நுட்ப விதிகள் வகுக்கப்பட்டன. 1999-ல் விநாடிக்கு 11 மெகாபிட் வேகம் வந்தது. ஒதுக்கித் தள்ளிய புறம்போக்கில் உலகமே குடியேறியது!

நம் நாட்டில் 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டமும் 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டமும் வெள்ளைக்காரன் போனபிறகும் நிலைத்திருந்தன. ஒரு காலத்தில் பாட்டுக் கேட்கக்கூட லைசென்ஸ். வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தால் தபாலாபீசில் ஆண்டுக் கட்டணம் கட்டி, புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். நம் தாத்தாமார்களுக்கு இது நினைவிருக்கும். அப்படிப்பட்ட தேசத்தில் 2005 ஜனவரியில் 2400-ஆம் பகுதி லைசென்ஸிலிருந்து விடுவிக்கப்பட்டது. ஒரு வாட் சக்திக்குள் எவரும் உபயோகிக்கலாம். 2018 அக்டோபரில் 5000-க்கு மேலுள்ள பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் திறக்கப்பட்டது.

அந்த ஐயாயிரத்தில் வரப்பு ஒழுங்காகப் போடப்பட்டிருக்கிறது. அங்கே சானல் எண்கள் 36, 40, 44, 48 என்று நான்கு நான்காகத் தாவுகின்றன. ஓர் எண்ணுக்கு 5 என்ற பழைய கணக்குத்தான்; நான்கு எண் தாவினால் 20. ஆகவே ஒன்றின் காலை ஒன்று மிதிக்காது. அங்கே சில சானல்களில் வானிலை ரேடார்களும் குடியிருக்கின்றன. உலக விதிப்படி, அந்தச் சானலைத் தொடுமுன் பெட்டி ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பிறகும் ரேடாரின் துடிப்பு கேட்டால் பத்து விநாடிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். புயலைப் பார்க்கும் கண்ணை மறைக்கக் கூடாது அல்லவா? பொது உபயோகம் என்றால் கட்டுப்பாடு இல்லாத உபயோகம் என்று எவரும் நினைக்க வேண்டாம். புறம்போக்குக்கும் முறை உண்டு.

ஏல மேடை

இவ்வளவும் ஒரு பக்கம். மறுபக்கம் கைபேசிக் கோபுரங்களின் அலை. அங்கே நிலைமை வேறு. அங்கே பட்டா உண்டு. பட்டாவுக்கு ஏலம் உண்டு.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது: அலைகள் பொதுச் சொத்து, பொது நன்மைக்காக அவற்றை ஒரு பொது அதிகாரம் முறைப்படுத்த வேண்டும். கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய வழக்கில் வந்த தீர்ப்பு அது. தீர்ப்பு வந்துவிட்டது, அது நடைமுறையில் என்ன ஆயிற்று?

2008-ல் முதலில் வந்தவருக்கு முதலில் என்ற பெயரில் லைசென்ஸ்கள் வழங்கப்பட்டன. 2012 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றம் அவற்றில் 122-ஐ ரத்து செய்தது. குற்ற வழக்கில் 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. அது ஒருபுறம் இருக்கட்டும். பொதுச் சொத்தை மூடிய அறைக்குள் பங்கு போட்டால் சந்தேகம்தான் விளையும் என்ற பாடம் நின்றது.

அதற்குப் பரிகாரமாக ஏலம் வந்தது. ஏலத்தில் ஒளிவு மறைவு குறைவு, கஜானாவுக்குப் பணம் வருகிறது. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஏலத்தில் யார் கை உயரும்? 2022 ஆகஸ்டில் முடிந்த 5ஜி ஏலத்தில் 51,236 மெகாஹெர்ட்ஸ் விற்றது. கிடைத்த மொத்தத் தொகை 1,50,173 கோடி ரூபாய். இதில் ஏறத்தாழ பாதி அலையை, 24,740 மெகாஹெர்ட்ஸை, ஜியோ என்ற ஒரே கம்பெனி எடுத்தது. ஏர்டெல் 19,867 எடுத்தது. மிச்சத்தில் பெரும்பகுதி வோடபோன் ஐடியாவுக்கு. ஒரு துளி அதானி கம்பெனிக்கு. பொதுச் சொத்தின் பத்தில் எட்டுப் பாகத்துக்கு மேல் இரண்டு வீட்டு வாசலில் போய் நின்றது. ஏலத்தில் கொடுத்த பணத்தை அவர்கள் தம் வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. தவணை தவணையாக நம் ரீசார்ஜிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

பொதுத்துறை பி.எஸ்.என்.எல். கதி என்ன? தனியார் கம்பெனிகள் 2012-லேயே 4ஜி சேவையைத் தொடங்கிவிட்டன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி சேவைக்கான அலையை ஒதுக்கும் முடிவை மத்திய சர்க்கார் எடுத்ததோ 2019 அக்டோபரில். நாடு தழுவிய சேவை தொடங்கிவைக்கப்பட்டதோ 2025 செப்டம்பர் 27-ல். ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் காலைக் கட்டிப்போட்டு, மற்றவர்கள் கோட்டைத் தாண்டிய பிறகு கட்டை அவிழ்த்துவிட்டு, "பார், பொதுத்துறைக்கு ஓடத் தெரியவில்லை" என்று சொல்வதா? லாபம் வராத மலைக் கிராமத்துக்கும் கடைக்கோடிச் சேரிக்கும் கோபுரம் நட வேண்டிய பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால், இந்த அநீதியின் முழு அளவும் தெரியும்.

இன்றைய தகராறு: ஆறாயிரம்

இப்போது ஒரு புதிய வயல் அளக்கப்படுகிறது. 5925 முதல் 7125 வரை 1,200 மெகாஹெர்ட்ஸ். பழைய 83.5-ஐப் போல் பதினான்கு மடங்குக்கும் மேல். இது புறம்போக்காக இருக்க வேண்டுமா, பட்டாவாகப் போக வேண்டுமா என்பதுதான் தகராறு.

அமெரிக்கா 2020 ஏப்ரலில் 1,200-ஐயும் லைசென்ஸ் இல்லாமல் திறந்தது. ஐரோப்பிய யூனியன் 2021-ல் கீழ்ப்பகுதியில் 480-ஐத் திறந்தது. சீனா 2023-ல் மேல்பகுதி 700-ஐக் கைபேசிச் சேவைக்கு ஒதுக்கியது. நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. நம் நாட்டில் கீழ்ப்பகுதி 500-ஐ, அதாவது 5925 முதல் 6425 வரை, கட்டிடங்களுக்குள் உபயோகிக்கும் குறைந்த சக்திப் பெட்டிகளுக்கும், வெளியிலும் உபயோகிக்கக்கூடிய மிகக் குறைந்த சக்திக் கருவிகளுக்கும் விடுவிக்கும் வரைவு விதிகளை 2025 மே மாதத்தில் தொலைத்தொடர்பு இலாகா வெளியிட்டது. தொலைத்தொடர்புக் கம்பெனிகளின் சங்கமோ 1,200-ம் தங்களுக்கே வேண்டும் என்று கூப்பாடு போட்டது.

இங்கேதான் முன்னே சொன்ன இடைவெளிக் கணக்கு திரும்பி வருகிறது. புதிய பெட்டிகள் 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சானலில் பேசக்கூடியவை. 1,200-ஐயும் திறந்தால் அப்படிப்பட்ட மூன்று சானல்கள் ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்கும். 500-ஐ மட்டும் திறந்தால் ஒன்றே ஒன்றுதான் நிற்கும். 160 அகலமானால் 1,200-ல் ஏழு, 500-ல் மூன்று. ஆக, பொதுமக்களின் வயலைப் பாதியாக வெட்டினால் அதில் நிற்கும் சானல்கள் பாதிக்கும் கீழே போகின்றன. நெருக்கடி எந்த இடத்தில் வரும்? தனித்தனி பங்களாவில் வராது. பத்தடிக்கு ஒரு வீடாக அடுக்கியிருக்கும் நம் லைன் வீடுகளில்தான் வரும்.

"ஆறாயிரத்துப் பெட்டி விலை அதிகம்; கூலிக்காரன் வீட்டில் அது எங்கே இருக்கிறது? அவனுக்கு இதில் என்ன லாபம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் இது. வசதியுள்ளவர்களின் புதுப் பெட்டிகள் புது வயலுக்குப் போகப் போக, பழைய 2400 வயலில் நெரிசல் குறையும்; அங்கே இருக்கும் நமக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். பள்ளிக்கூடம், நூலகம், அரசு ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் போன்ற கூட்டம் சேரும் இடங்களில் பொது வைஃபை வைத்தால், நூறு பேர் ஒரே நேரத்தில் உபயோகிக்க அகலமான சானல்கள் வேண்டும். தவிரவும் இன்றைய விலை நாளைய விலை அல்ல. டிரான்சிஸ்டர் ரேடியோ ஒரு காலத்தில் மிராசுதார் வீட்டுப் பொருள். பிறகு மாடு மேய்ப்பவன் தோளில் தொங்கியது. ஆனால் ஒரு தடவை பட்டா போட்டுக் கொடுத்த அலை இருபது வருஷத்துக்குத் திரும்பி வராது.

கம்பெனிகள் சொல்லும் வாதமும் ஒன்று இருக்கிறது. கைபேசிப் போக்குவரத்து பெருகுகிறது, ஆகவே எங்களுக்கு அலை வேண்டும் என்கிறார்கள். பெருகுவது உண்மை. ஆனால் ஏற்கெனவே வாங்கிய அலையைக் கடைக்கோடி வரைக்கும் ஓட விட்டார்களா? நகரத்து வீதியில் ஐந்து கோடு தெரியும் கைபேசியில், களத்து மேட்டுக்கு வந்தால் ஒரு கோடு நிற்கிறதா? வாங்கிய வயலைத் தரிசு போட்டுவிட்டுப் பக்கத்துப் புறம்போக்கையும் வளைக்கப் பார்ப்பவனை ஊர் என்ன சொல்லும்?

சர்க்காரின் வாக்குறுதிகளையும் உரசிப் பார்ப்போம். 2022-க்குள் ஒரு கோடி பொது வைஃபை இடங்கள் என்று 2018-ஆம் வருஷத் தொலைத்தொடர்புக் கொள்கை சொன்னது. 2020 டிசம்பரில் மத்திய மந்திரிசபை இதற்கென்றே ஒரு திட்டத்தை அங்கீகரித்தது. டீக்கடைக்காரர், மளிகைக் கடைக்காரர் யாரும் லைசென்ஸ் இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம் என்றது. நல்ல திட்டம். ஆனால் 2022 கடந்தது; இலக்கின் அருகில்கூடப் போகவில்லை. காரணம் என்ன? அலை இலவசம், அதற்குப் பின்னால் இழுக்க வேண்டிய கம்பிக்கோ, சிறு கடைக்காரரிடம் பெரிய ஆபீஸ்களுக்குரிய விலையைக் கம்பெனிகள் கேட்டன. வீட்டு இணைப்புக் கட்டணத்தின் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று டிராய் ஆணையிட 2025 ஜூன் வரை ஆயிற்று. வாய்க்காலைப் பொதுவாக்கி, மதகின் சாவியை மட்டும் மிராசுதாரிடம் விட்டால் தண்ணீர் யார் வயலுக்குப் போகும்?

நாம் கேட்பது

நம் கோரிக்கைகள் அதிகப்படியானவை அல்ல.

ஒன்று: 2400, 5000 பகுதிகளும், ஆறாயிரத்தின் கீழ்ப்பாதியும் என்றென்றைக்கும் பொதுப் புறம்போக்காகவே இருக்க வேண்டும். மேல்பாதியை அவசர அவசரமாக ஏல மேடையில் ஏற்றக் கூடாது. பகிரங்க விசாரணை நடத்தி, பொது உபயோகத்துக்கு எவ்வளவு, கைபேசிக்கு எவ்வளவு என்ற கணக்கை ஜனங்கள் முன் வைக்க வேண்டும்.

இரண்டு: புதிய அலை எது வந்தாலும் பி.எஸ்.என்.எல்.லுக்கு உரிய பங்கு மற்றவர்களோடு சேர்த்து அதே நாளில் தரப்பட வேண்டும். பந்தி முடிந்த பிறகு இலை போடக் கூடாது.

மூன்று: உபயோகிக்காமல் வைத்திருக்கும் அலையைத் திரும்ப எடுக்க 2023-ஆம் வருஷத் தொலைத்தொடர்புச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதை ஏட்டோடு வைக்காமல் அமல் நடத்த வேண்டும். எந்தக் கம்பெனி எந்தக் கிராமத்தைத் தரிசு போட்டிருக்கிறது என்ற பட்டியல் ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

நான்கு: அலை எட்டாத இடத்தில் கூலி வெட்டு கூடாது. கோபுரம் வேலை செய்யாத குற்றத்துக்குக் குடியானவத் தொழிலாளி அபராதம் கட்டுவதா? கைநாட்டுப் பதிவேடு அங்கே செல்லுபடியாக வேண்டும்.

ஐந்து: வீட்டுக்கு வைஃபை பெட்டி மாட்டும் கம்பெனிகள், அக்கம்பக்கத்துச் சானல்களைப் பார்த்து, 1, 6, 11-ல் எது காலியோ அதில் வைத்துக்கொடுக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் கூடுதல் கட்டணத் திட்டத்தைத் தலையில் கட்டுவது ஏமாற்று.

இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் எத்தனை மெகாஹெர்ட்ஸ் இடம் விடவேண்டும் என்பதை விஞ்ஞானம் சொல்லிவிடும். அதில் தகராறு இல்லை. யாருக்கு எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்பதை விஞ்ஞானம் சொல்லாது. அதை ஜனங்கள்தான் சொல்ல வேண்டும். ஜனங்கள் வாய் மூடியிருந்தால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

ஆகவே தோழர்களே, இந்த வாரம் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். தெருவில் கூடி உங்கள் பெட்டிகளுக்கு ஒன்று, ஆறு, பதினொன்று என்று முறை வையுங்கள். அடுத்த கிராம சபையிலும் சங்கக் கூட்டத்திலும் இந்த ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாகப் போடுங்கள். காற்று எல்லாருக்கும் பொது. காற்றில் போகும் அலையும் எல்லாருக்கும் பொது. அதில் வரப்பு போடும்போது நாமும் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருக்க வேண்டும்!